காசிமேட்டுக் கடை சைட்ட வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தி மூணு வருஷம் ஆச்சு

காசிமேட்டுல என் மாமாவுக்கு லாஞ்ச் (மீன்பிடி விசைப்படகு) சாமான் கடை இருக்கு. வலை, கயிறு, மிதவை, ப்ரொப்பல்லர், இன்ஜின் பம்புக்குப் போடுற இம்பெல்லர்னு எல்லாம் கிடைக்கும். அந்தக் கடையோட வெப்சைட்ட ஆரம்பத்துல இருந்து நான்தான் பாத்துக்குறேன். வேர்ட்பிரஸ் (சைட் கட்டுற சாஃப்ட்வேர்), அதுமேல வூகாமர்ஸ் (அதுல கடை நடத்துறதுக்கான சேர்ப்பு), கிட்டத்தட்ட 900 ஐட்டம், எல்லாத்துக்கும் தமிழ்லதான் விவரம் போட்டிருக்கோம். 2022 ஆகஸ்ட்ல இத பழைய ஹோஸ்டிங்ல, அதாவது சைட் ஃபைலெல்லாம் வாடகைக்கு வெச்சுருக்குற சர்வர்ல இருந்து, புது இடத்துக்கு மாத்துனோம். மாத்துன வாரமே அனுபவம் எழுதணும்னு நெனச்சேன், எழுதாம விட்டது நல்லதாப் போச்சு, ஏன்னா அன்னிக்கு எழுதியிருந்தா "அரை மணி நேரத்துல முடிஞ்சுது"ன்னு எழுதியிருப்பேன், அது தப்பா இருந்திருக்கும்.

ஏன் மாத்துனோம்னா, வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல்ல போறவங்க அப்ப சும்மா இருப்பாங்கன்னு வெளிய இருக்குறவங்க நெனப்பாங்க. ஆனா லாஞ்ச் கரை ஏத்தி பெயிண்ட் அடிக்கிறது, இன்ஜின் பிரிக்கிறது, வலை பொத்துறது எல்லாம் அப்பதான் நடக்கும். எங்க கடைக்கு அதுதான் சீசன். 2022 மே மாசம் பூரா சைட் நடுநடுவுல 503னு (சர்வரால இப்ப முடியலங்குற எரர்) காட்டிட்டு நிக்கும். பழைய ஹோஸ்டிங் ஷேர்டு பிளான் (ஒரே சர்வர பல சைட் பங்கு போடுறது), "அன்லிமிடெட்"னு போட்டுதான் வித்தாங்க, ஆனா ஒரே நேரத்துல எத்தன ப்ராசஸ் ஓடலாம், எத்தன ஃபைல் வெச்சுக்கலாம்னு உள்ள ஒரு லிமிட் இருந்துச்சு. சப்போர்ட்ல கேட்டா பிளான் அப்கிரேடு பண்ணுங்கன்னு ஒரே பதில். நாகப்பட்டினத்துல இருந்து ஒருத்தர் போன் போட்டு "தம்பி, காலைல இருந்து உங்க கடை தொறக்கவே இல்லயே"ன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் மாமாகிட்ட பேசுனேன். அவரு கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கடைய மூடாம சாமான் மாத்த முடியுமாடா?"

தடைக்காலத்துல தொடக் கூடாதுன்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணோம். ஆகஸ்ட்னு குறிச்சுக்கிட்டோம். புது சர்வர் மும்பைல, ஒரு விபிஎஸ் (சர்வர்ல நமக்குன்னு தனியா ஒதுக்குன பங்கு), அத நிர்வாகம் பண்ண சிபேனல். பழசு அமெரிக்காவுல இருந்துச்சு. எங்க தண்டையார்பேட்டை வீட்டு லைன்ல பிங் போட்டா (தகவல் போய்த் திரும்புற நேரம் பாக்குறது) பழசுக்கு 240 மில்லிசெகண்ட் பக்கம் வரும், புதுசுக்கு 30க்குள்ள. இந்த வித்தியாசம் போன்ல பொருள் பாக்குறப்ப நல்லாவே தெரியுது.

எப்ப மாத்துறதுங்குறதுல நான் கத்துக்கிட்டத சொல்லணும். யாரக் கேட்டாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்து, அப்பதான் ஆளு இருக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் அலாரம் வெக்க இருந்தேன், அதுக்கு முன்னாடி சும்மா ஒரு மாசத்து ஆக்சஸ் லாக (யாரு எப்ப வந்தாங்கன்னு சர்வர் எழுதி வெக்கிற பதிவு) எடுத்து மணி வாரியா எண்ணிப் பாத்தேன், எங்க சைட்டுக்கு ராத்திரி ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் நல்ல கூட்டம். யோசிச்சா காரணம் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. அந்த நேரம் காசிமேடு முழிச்சுட்டு இருக்கும், போட் வரும், ஏலம் நடக்கும், ஐஸ் ஏறும், காத்துட்டு இருக்குறவன் கைல போன் இருக்கும். எங்களுக்கு ஆளே இல்லாத நேரம் மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு, எல்லாம் சாப்ட்டு படுத்துருப்பாங்க. அதனால ஒரு புதன்கெழமை மத்தியானம்னு முடிவு பண்ணோம். உங்க சைட்டுக்கு எந்த நேரம் காலியா இருக்கும்னு உங்க லாகுல பாருங்க, அடுத்தவன் சொல்றத எடுத்துக்காதீங்க.

மாத்துறதுக்கு பத்து நாள் முன்னாடியே மொத்த ஃபைலயும் ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற டூல்) போட்டு புது சர்வருக்கு இழுத்துட்டேன், டேட்டாபேஸும் ஒரு காப்பி. அப்புறம் என் லேப்டாப்ல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (விண்டோஸ்ல சிஸ்டம்32 உள்ள, டிரைவர்ஸ், அதுக்குள்ள ஈடிசி ஃபோல்டர்) புது ஐபியையும் (சர்வரோட நம்பர் அட்ரஸ்) நம்ம டொமைன் பேரையும் ஒரு வரி சேத்தேன். இதப் பண்ணா ஊர் உலகத்துக்கு பழைய சைட் தெரியும், என் லேப்டாப்புக்கு மட்டும் அதே அட்ரஸ்ல புது சர்வர் தெரியும். இந்த ஒரு வேலைய மட்டும் யாரும் விடக் கூடாது, ஏன்னா நான் தொறந்து பாத்ததும் ஐட்டம் பேரெல்லாம் குப்பையா இருந்துச்சு. மாமா பக்கத்துல வந்து பாத்துட்டு "இன்னாடா இது, எழுத்தெல்லாம் கிறுக்குன மாரி கீது"ன்னாரு.

காரணம் இதுதான். பழைய டேட்டாபேஸ் டேபிள் எல்லாம் லத்தீன்1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) குறிச்சிருந்துச்சு, ஆனா உள்ள இருந்தது யுடிஎஃப்8 (எல்லா மொழிக்குமான முறை) தமிழ். ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் யுடிஎஃப்8ல 3 பைட். பழைய சர்வர் அத மூணு தனித்தனி லத்தீன் எழுத்தா எண்ணி வெச்சுருந்துச்சு, போடுறப்பவும் எடுக்குறப்பவும் அதே தப்ப பண்ணதால ஸ்கிரீன்ல சரியா வந்துச்சு. நான் எக்ஸ்போர்ட் எடுத்தப்ப அது "நல்லபடியா" லத்தீன்ல இருந்து யுடிஎஃப்8க்கு இன்னொரு தடவ மாத்திக் குடுத்துருச்சு. சரி பண்ண, மைஎஸ்க்யூஎல்டம்ப்ப (டேட்டாபேஸ ஒரு ஃபைலா எடுக்குற கமாண்டு) லத்தீன்1 கேரக்டர் செட்டுன்னே சொல்லி எடுத்தேன், பைட் அப்படியே வரும், அப்புறம் அந்த ஃபைல்ல லத்தீன்1னு இருக்குற இடத்த எல்லாம் யுடிஎஃப்8எம்பி4னு (மைஎஸ்க்யூஎல்ல முழு யுடிஎஃப்8க்குப் பேரு) மாத்திட்டு உள்ள ஏத்துனேன். தமிழ் திரும்ப வந்துச்சு. ரெண்டு நாள் போச்சு இதுக்கே. நேரா டொமைன மாத்திட்டு அப்புறம் பாத்துருந்தா அந்த ரெண்டு நாளும் கஸ்டமர் முன்னாடி குப்பையோட நின்னுருப்போம். பழைய தமிழ் சைட் வெச்சுருக்குறவங்க இத கண்டிப்பா பாத்துக்கோங்க.

அடுத்து டிடிஎல். நம்ம டொமைன் எந்த ஐபில இருக்குன்னு ஊர்ல இருக்குற சர்வர் எல்லாம் ஞாபகம் வெச்சுக்கும், எவ்ளோ நேரம் வெச்சுக்கணும்னு சொல்றதுதான் டிடிஎல். எங்களது 14400 செகண்டு, அதாவது 4 மணி நேரம். மூணு நாள் முன்னாடி அத 300 ஆக்குனேன், அஞ்சு நிமிஷம். முன்னாடியே ஏன் பண்ணணும்னா, பழைய 14400ஐ ஞாபகம் வெச்சவன் அது முடிஞ்சாதான் புதுசக் கேப்பான். நேம்சர்வர (டொமைனோட ரெக்கார்டெல்லாம் வெச்சுருக்குற சர்வர்) அன்னிக்குத் தொடல. டாட் காம் நேம்சர்வர் தகவலோட டிடிஎல் 172800 செகண்டு, ரெண்டு நாள், அத நம்மளால கொறைக்கவும் முடியாது. அதனால டிஎன்எஸ்ஸ (டொமைன் பேருக்கு ஐபிய சொல்ற ஏற்பாடு) இருந்த எடத்துலயே விட்டுட்டு ஐபிய மட்டும் மாத்துறதுதான் வழி.

புதன்கெழமை மத்தியானம் 2.10க்கு பழைய சைட்ல ஆர்டர் பட்டன மட்டும் நிறுத்துனேன், பொருள் பாக்கலாம், வாங்க முடியாது. இப்படிப் பண்ணலன்னா டேட்டாபேஸ் எடுத்ததுக்கு அப்புறம் வர்ற ஆர்டர் பழைய சர்வர்லயே தங்கிரும். கடைசியா ஒரு டம்ப், ஒரு ஆர்சிங்க், புதுசுல ஏத்தி, ஹோஸ்ட்ஸ் ஃபைல் வழியா ஒரு டெஸ்ட் ஆர்டர். எஸ்எஸ்எல் சான்றிதழ (சைட் நம்மளதுதான்னு பிரவுசருக்குக் காட்டுறது) பழைய சர்வர்ல இருந்தே கீயோட சேத்து கொண்டு வந்து மாட்டியிருந்தேன், அதனால பிரவுசர் எச்சரிக்கை எதுவும் வரல. 2.35க்கு ஏ ரெக்கார்ட (டொமைனுக்கு ஐபிய சொல்ற வரி) மாத்துனேன். ரெண்டு சர்வர் லாகையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுப் பாத்தேன், பத்து நிமிஷத்துல கூட்டம் புதுசு பக்கம் நகர ஆரம்பிச்சுது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

3.15க்கு மாமா கடைல இருந்து போன். "ஆர்டர் பட்டன் இன்னும் வரலியே." என் வீட்டு வைஃபைல வருது, அவரு போன்ல வரல. பிரவுசர் கேஷ், அது இதுன்னு இருபது நிமிஷம் தேடுனேன். அப்புறம்தான் டிஎன்எஸ் லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் ஒழுங்காப் படிச்சேன். நாலு ஏ, அதாவது ஏஏஏஏ ரெக்கார்டு ஒண்ணு இருக்கு. அது ஐபிவி6 (புது வகை ஐபி) அட்ரஸ், பழைய சர்வரோடது, நான் மாத்தவே இல்ல. என் வீட்டு லைன்ல ஐபிவி4 (பழைய வகை) மட்டும்தான், அதனால எனக்கு புதுசு. மாமா போன்ல ஜியோ, ஜியோ நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6லதான் ஓடுது, ரெண்டும் இருந்தா போன் 6ஐத்தான் எடுக்கும். எங்க கஸ்டமர்ல முக்கால்வாசி பேரு போன்லதான் வர்றாங்க. போதாததுக்கு அந்த ரெக்கார்டுக்கு டிடிஎல்லயும் நான் கொறைக்கல, 14400லயே இருந்துச்சு. ஒடனே அழிச்சேன், ஆனா ஏற்கனவே ஞாபகம் வெச்சவங்களுக்கு நாலு மணி நேரம் வரைக்கும் பழைய சைட்தான். அந்த பழைய சைட்ல மேல பெருசா "ஆர்டருக்கு இந்த வாட்ஸ்அப் நம்பர்"னு பேனர் போட்டேன், மாமா உக்காந்து ஒவ்வொண்ணா நோட்டுல எழுதுனாரு. ஏழு ஆர்டர் அப்படி வந்துச்சு. சாயங்காலம் ஏழரைக்குத்தான் பழைய லாகுல ஆளு நடமாட்டம் கொறஞ்சுது. 25 நிமிஷத்துல முடிச்சேன்னு நெனச்சது அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. இப்பவும் அது எனக்கு வருத்தம்தான். அந்த ரெக்கார்டு விட்டுருந்தா இன்னொண்ணும் நடந்துருக்கும், எங்க எஸ்எஸ்எல் சான்றிதழ் குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட்ல அப்ப 90 நாள்தான் செல்லும், அதுக்குள்ள புதுப்பிக்கணும், அது சைட்ட செக் பண்றப்ப ஐபிவி6 இருந்தா அங்கதான் மொதல்ல போகும், பழைய சர்வரப் பாத்துட்டு புதுப்பிக்காமப் போயிருக்கலாம்.

நாலு நாள் கழிச்சு இன்னொண்ணு. எங்க மெயில் ஹோஸ்டிங்ல இல்ல, ஜோஹோல இருக்கு, எம்எக்ஸ் ரெக்கார்டயும் (டொமைனோட மெயில் எங்க போகணும்னு சொல்றது) நான் தொடல, அதனால மெயிலப் பத்தி கவலையே படல. ஆனா ஆர்டர் வந்தா கடைக்கு வர்ற மெயில் மட்டும் வரல. புது சர்வரோட சிபேனல்ல ஈமெயில் ரூட்டிங்னு ஒரு எடம் இருக்கு, அதுல லோக்கல்னு இருந்தா, "இந்த டொமைன் மெயில் என்கிட்டதான் இருக்கு"ன்னு சர்வரே வெச்சுக்கும், வெளிய எம்எக்ஸ் எங்க இருக்குன்னு கேக்கவே கேக்காது. ரிமோட்னு மாத்துனதும் சரியாச்சு. கூடவே எஸ்பிஎஃப் ரெக்கார்டுல (எந்த சர்வர் நம்ம பேர்ல மெயில் அனுப்பலாம்னு சொல்றது) புது ஐபிய சேக்கணும், இல்லன்னா கஸ்டமருக்குப் போற பில் மெயில் ஸ்பாம்ல விழும். பழைய சர்வர்ல கிரான் வேலைய (குறிச்ச நேரத்துல தானா ஓடுறது) நிறுத்த மறந்துட்டேன், ஒரு வாரம் விலை மாறுன எஸ்எம்எஸ் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா போயிருக்கு.

பழைய ஹோஸ்டிங்க ஒரு மாசம் கூடுதலா பணம் கட்டி வெச்சுருந்தேன். அது வீண் செலவுன்னு மாமா சொன்னாரு, ஆனா மூணாவது வாரம் ஒரு பழைய ஐட்டம் போட்டோ ஃபோல்டர் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சு அங்க இருந்துதான் எடுத்தேன்.

மூணு வருஷத்துல புது எடம் எப்படின்னா, எனக்குத் திருப்திதான். மூணு தடைக்காலம் பாத்துருச்சு, 503 வரல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல, கடைக்குள்ள தண்ணி. சைட் மட்டும் மும்பைல ஓடிட்டு இருந்துச்சு, போன்லயே "டெலிவரி தாமதம் ஆகும்"னு போட்டு வெச்சோம். அதே வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் எண்ணெய் வந்து படிஞ்சு, வலையெல்லாம் வீணாப்போனவங்க அடுத்த வாரம் வாங்க வந்தப்ப சைட்டும் கடையும் ரெண்டும் இருந்துச்சு. கொறைன்னா, மொத வருஷ ஆஃபர் விலைய விட ரின்யூவல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, சேர்றப்பவே அதையும் பாத்துருக்கணும். பேக்கப்பும் அவங்க எடுக்குறத மட்டும் நான் நம்பல, வாரம் ஒண்ணு வீட்டு ஹார்டு டிஸ்குக்கு வந்துரும்.

இப்ப எதிர் ஐஸ் கடை அண்ணன் அவரு சைட்டயும் மாத்திக் குடுன்னு கேட்டாரு. போன வாரம் உக்காந்து அவரு டிஎன்எஸ் பூரா எழுதி எடுத்தேன், நாலு ஏவும் இருக்கு. ஆனா டொமைன் அவரு பேர்லயே இல்ல, சைட் பண்ணிக் குடுத்த பையன் பேர்ல இருக்கு, அவன் நம்பர் மாத்திட்டான். "அண்ணா, மொதல்ல அவனத் தேடி டொமைன் லாகின வாங்குங்க, அது கைக்கு வர்ற வரைக்கும் நான் சர்வரத் தொட மாட்டேன்"னு சொல்லிட்டேன். கொருக்குப்பேட்டைல இருக்கான்னு கேள்விப்பட்டு நேத்து பைக் எடுத்துட்டுப் போயிருக்காரு.