மின்சிக்கனம் படிக்க பி.இ.இ. தேர்வா, எம்.இ. பட்டமா?

மில்லில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள் மின்சிக்கனத்தை முறையாகப் படிக்க நினைத்தால் இரண்டு வழிகள் முதலில் கண்ணில் படும். ஒன்று, மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ.க்காக (Bureau of Energy Efficiency) நடத்தப்படும் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வு. மற்றது, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற எனர்ஜி இன்ஜினியரிங் எம்.இ. நான் எழுதியது பி.இ.இ. தேர்வு. இன்று ஒருவர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முழுநேர எம்.இ. என்றால் இரண்டு வருடம் சம்பளம் போகும். பி.இ.இ.க்கு வேலையை விட வேண்டாம், நான்கு வழிகாட்டி நூல்களும் இணையத்தில் இலவசம். முதல் மூன்று தாள்கள் தேறினால் மேனேஜர், நான்காவதும் தேறினால் ஆடிட்டர். 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சிக்கனச் சட்டப்படி, எரிசக்தியை அதிகம் செலவழிக்கும் ஆலைகள் என அரசு அறிவித்தவை இந்தத் தகுதி உள்ள மேனேஜரை வைத்தே ஆக வேண்டும். அந்தச் சான்றிதழின் சந்தை மதிப்புக்குக் காரணம் அதுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. ராத்திரி படித்ததை மறுநாள் ஷிப்டில் அளந்து பார்க்கலாம். காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கம்ப்ரசர் பற்றிய பாடத்தில் காற்றுக் கசிவுச் சோதனை வரும். காற்று எடுக்கும் இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) நிற்கிறது என்று குறிக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் லோடு, பத்தரை நிமிடம் அன்லோடு என்றால் கம்ப்ரசர் திறனில் 12.5 சதவீதம் கசிந்து போகிறது. கணக்கு இரண்டே வரி. ஆனால் இரவு பகலாக ஓடும் ஸ்பின்னிங் மில்லில், காற்றில் இயங்கி நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நிற்பது பண்டிகை விடுமுறையில்தான். அன்று மில்லுக்குள் போய் சோதனை செய்யலாம் என்று தோன்றுவதற்கே அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும்.

மில்லுக்குள் ஈரக்காற்றை அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனும் அப்படித்தான். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்கிறது பாடம், 0.8ஐ மும்முறை பெருக்கினால் 0.51. மோட்டார் வேகத்தைக் குறைக்கும் வீ.எஃப்.டி. டிரைவ் போட்டு மீட்டரில் பார்த்தால் அவ்வளவு இறங்காது, டிரைவும் மோட்டாரும் தம் பங்கைத் தின்னும். அதற்குள் ஸ்பின்னிங் மாஸ்டர் வந்து நிற்பார். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் பகுதியில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை இல்லாவிட்டால் நூல் அறும். அவர் கவலை அது. அவரோடு உட்கார்ந்து, குளிர்காலத்தில் எவ்வளவு குறைக்கலாம், ராத்திரியில் எவ்வளவு என்று பேசி முடிக்கிற திறமைதான் இந்தத் தொழிலில் பாதி. அதை வகுப்பறை தரும் என்று நான் நம்பவில்லை.

பாய்லர் போன்ற வெப்பச் சாதனங்களைப் பற்றிய தெர்மல் தாளுக்கு இந்த வாதம் செல்லாது. எங்கள் மில்லில் பாய்லர் கிடையாது. ஃப்ளூ வாயு இழப்பு (புகையோடு வெளியேறும் வெப்பம்), ப்ளோடவுன் (பாய்லர் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவது) எல்லாம் எனக்கு ஏட்டுப் படிப்புதான், தேறினேன் என்பதற்காகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் எம்.இ. ஆய்வகம் கட்டாயம் மேல். சாயப்பட்டறையில் இருப்பவருக்கு இது தலைகீழாக இருக்கும்: பாய்லர் கைப்பழக்கம், மின்பகுதியின் சில பாடங்கள் புதிது.

வளைகுடா போக நினைப்பவர்கள் அமெரிக்க எனர்ஜி இன்ஜினியர்கள் சங்கமான ஏ.இ.இ.யின் சி.இ.எம். (Certified Energy Manager) சான்றிதழைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே அதற்கு மதிப்பு அதிகம் என்று நண்பர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பி.இ. முடித்த கையோடு படிக்க நினைப்பவருக்கு என் சிபாரிசு பொருந்தாது. பொறியியல் பட்டதாரிக்கு மூன்று வருட அனுபவமும், டிப்ளமோ படித்தவருக்கு ஆறு வருட அனுபவமும் இருந்தால்தான் பி.இ.இ. தேர்வே எழுத முடியும். கற்பித்தல், ஆராய்ச்சி என்று ஆசை இருந்தால் தயங்காமல் எம்.இ. சேருங்கள். எம்.இ. முடித்தவருக்கு இரண்டு வருட அனுபவமே போதும், அதன்பின் இந்தத் தேர்வையும் எழுதலாம்.