டிராக் எஞ்சினுக்கு வேக்யூம் பம்ப்: கேஜில் காட்டும் நம்பரை நம்பி ஏமாறாதீர்கள்

வெட் சம்ப் (ஆயில் எஞ்சினின் அடித்தட்டிலேயே தேங்கும் வகை), எட்டு சிலிண்டர், 8,000 ஆர்.பி.எம். வரை போகும் டிராக் எஞ்சின். கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கீழறை) வேக்யூம் பம்ப் பொருத்தித் தரச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கேட்ட பணத்தை முழுசாகக் கட்டியும், கடைசியில் கட்ஜன் பின்கள் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைப்பவை) உராய்ந்து இறுகிப்போய் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது. பில்லில் போட்டிருந்த சாமான்களில் மூன்று எஞ்சினில் இல்லவே இல்லை. ஒர்க்‌ஷாப்பின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறோம், இதே வேலைக்கு எஞ்சின் கொடுக்கப்போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

பம்பின் வேலை இதுதான்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புளோபை வாயுவை உறிஞ்சி, கிராங்க்கேஸ் அழுத்தத்தை வெளிக்காற்றை விடக் குறைவாக வைத்திருப்பது. ரிங் நன்றாகப் படியும், ஆயில் கசிவு குறையும், டென்ஷன் குறைந்த ஆயில் ரிங் போட இடம் கிடைக்கும். பவர் கூடுவதில் பெரும் பங்கு அந்த ரிங்கால்தான். பழைய கெட்டியான ரிங்கை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் மாட்டினால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். டைனோ (பவர் அளக்கும் இயந்திரம்) சீட்டைக் காட்டினால், பம்ப் இல்லாமலும் பம்போடும் எடுத்த இரண்டு ஓட்டத்திலும் ஆயில் சூடு எவ்வளவு என்று கேளுங்கள். முதல் ஓட்டம் 60 டிகிரியிலும் அடுத்தது 95 டிகிரியிலும் எடுத்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

முதல் தில்லுமுல்லு கேஜில்தான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது 14 இன்ச் (பாதரச அளவில்) வேக்யூம் என்று காட்டினார்கள். கேஜ் மாட்டியிருந்த இடம் பம்பின் இன்லெட் ஃபிட்டிங். உறிஞ்சும் ஹோஸோ 8-ஆம் நம்பர், அதாவது அரை இன்ச். இந்த அளவு எஞ்சினுக்கு 12-ஆம் நம்பர், முக்கால் இன்ச் ஹோஸ் வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பில் இது அதைவிட இரண்டேகால் மடங்கு. ஒடுங்கிய ஹோஸின் பம்ப் முனையில் கேஜை வைத்தால் ஹோஸின் அடைப்பும் வேக்யூமாகக் காட்டும். கேஜை எதிர்ப்பக்க வால்வ் கவரில் மாட்டிப் பார்த்தபோது கிராங்க்கேஸில் இருந்தது 6 இன்ச். கேஜோ, டேட்டா லாகர் சென்சாரோ, எப்போதும் பம்பிலிருந்து தள்ளி, கிராங்க்கேஸிலேயே இருக்க வேண்டும்.

6 இன்ச்தான் வருகிறது என்று எடுத்துச் சொன்னதும், லீக் எங்கே என்று தேடாமல் புல்லியை மாற்றினார்கள். எல்லாக் கேடும் இங்கே தொடங்கியது. கிராங்கில் 28 பல், பம்பில் 44 பல் இருந்தவரை 8,000 ஆர்.பி.எம்.மில் பம்ப் சுமார் 5,100 சுற்றும். அதுவே சரியான கணக்கு. இந்தப் பம்பின் தாளில் உச்சம் 5,500 என்று போட்டிருக்கிறது. பம்ப் புல்லியை 32 பல்லாக்கியதும் வேகம் 7,000 ஆகிவிட்டது. பம்புக்குள் சுற்றும் தகடுகளான வேன்கள் ஓரம் மழுங்கி, பம்ப் உடல் உள்ளே வரிவரியாகக் கீறல் விழுந்திருந்தது. நல்ல சீல் உள்ள எஞ்சினில் கிராங்க் வேகத்தில் பாதி முதல் முக்கால் பங்குக்குள் ஓட்டினாலே போதுமான வேக்யூம் வரும். வரவில்லை என்றால் எங்கேயோ காற்று உள்ளே வருகிறது, அல்லது ரிங் போய்விட்டது. பம்பை வேகமாகச் சுற்றினால் இரண்டும் மறைந்துபோகும், சரியாகாது.

காற்று வந்த இடங்கள்: லாக் இல்லாத சாதா டிப்ஸ்டிக், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் வெடித்த ஓ-ரிங், வால்வ் கவர் கேஸ்கெட், முன் கிராங்க் சீல். வால்வ் கவரின் பின்மூலையில் கார்க் கேஸ்கெட் விரல் நீளத்துக்கு உள்ளே இழுபட்டு, ராக்கர் பக்கம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. 12 இன்ச் வேக்யூமில், 50 செ.மீ.க்கு 15 செ.மீ. வால்வ் கவரை வெளிக்காற்று சுமார் 300 கிலோ விசையோடு அமுக்கும். கார்க்கும் தகர கவரும் அதைத் தாங்காது. வார்ப்பு அல்லது தடித்த அலுமினிய கவர், நடுவில் உலோகத் தகடு வைத்த ரப்பர் கேஸ்கெட் போட வேண்டும்.

கிராங்க் சீல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சாதா சீலின் உதடு உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாதபடி செய்யப்பட்டது. உள்ளே வேக்யூம் வந்தால் வெளிக்காற்று அந்த உதட்டை ஷாஃப்டிலிருந்து தூக்கிவிடும். தூக்கிய இடைவெளியில் டயர் துகளும் தூசியும் நேராக மெயின் பேரிங் பக்கம் போகும். அதனால் வேக்யூமுக்கென்றே செய்த இரட்டை உதடு சீல் போடுவார்கள், அல்லது சீலைத் திருப்பிப் போடுவார்கள். பில்லில் வேக்யூம் சீலுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். கழற்றினால் இருந்தது சாதா சீல், வழக்கமான திசையில். டைமிங் கவரை மூடும் முன் சீலைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். மூடியபின் யாருக்கும் தெரியாது.

காற்றை உள்ளே ஏற்றி சோப்பு நீர் தடவி "லீக் இல்லை" என்று காட்டுவார்கள். அந்த டெஸ்டில் சீல் தப்பித்துவிடும், ஏனென்றால் உள்ளழுத்தம் உதட்டை ஷாஃப்டோடு இன்னும் இறுக்கும். சோதனை வேக்யூமில்தான் நடக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, எலக்ட்ரிக் டிரில்லால் பம்பைச் சுற்றி, ஒரு ரப்பர் டியூபைக் காதில் வைத்து ஒவ்வொரு இணைப்பாகக் கேளுங்கள். உஸ் சத்தம் வரும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் அப்பினால் சத்தம் நிற்கும், லீக் அங்கேதான். ரிங் வழியாகக் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எஞ்சினைக் கெடுத்தது அடுத்த நடவடிக்கை. இரண்டாம் முறை வண்டி போனபோது கேஸ்கெட், டிப்ஸ்டிக், ஓ-ரிங் மூன்றையும் அடைத்து, ஹோஸையும் 12-ஆம் நம்பராக்கினார்கள். புல்லியை மட்டும் பழையபடி மாற்றவில்லை. வேக்யூம் அளவு மீறாமல் தடுக்கும் ரெகுலேட்டர் பில்லில் இருந்தது, எஞ்சினில் இல்லை. அதற்கான துளையில் ஒரு பிளக் முறுக்கியிருந்தது. வேக்யூம் 19 இன்ச் தாண்டியது. "நல்லதுதானே, கூடக்கூடப் பவர்" என்று சொல்லி அனுப்பினார்கள். வெட் சம்ப் எஞ்சினில் கட்ஜன் பின்னுக்கு உயவு தருவது கிராங்க்கேஸில் பறக்கும் ஆயில் துளிகள்தாம். வேக்யூம் ஏற ஏற அவை குறையும். பின்னுக்குத் தனி ஆயில் வழி இல்லாத எஞ்சினில் 12 இன்ச்சோடு நிறுத்துவது எங்கள் பழக்கம். 15-ஐத் தாண்ட வேண்டுமென்றால் பின் ஆயிலர் (கட்ஜன் பின்னுக்கு ஆயில் தரும் தனி வழி) கட்டாயம்.

ரெகுலேட்டர் என்பது சின்ன ஸ்பிரிங் வால்வுதான். வேக்யூம் வைத்த அளவைத் தாண்டினால் ஃபில்டர் வழியாகக் காற்றை உள்ளே விடும். பம்ப் உறிஞ்சுவது ஒரு பக்க வால்வ் கவரிலிருந்து என்றால் ரெகுலேட்டர் மறுபக்க கவரில் இருக்க வேண்டும். உறிஞ்சும் ஃபிட்டிங்கின் அடியில் ஆயில் தெறிப்பைத் தடுக்கும் பேஃபிள் தகடு அவசியம். இதற்கும் பில் போட்டு, வைக்காமல் விட்டிருந்தார்கள். ராக்கர் தெளிக்கும் ஆயில் நேராகப் பம்புக்குள் போய், ஒவ்வொரு ஓட்டத்திலும் கேட்ச் கேனில் (பம்ப் வெளித்தள்ளும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) கால் லிட்டருக்கு மேல் சேர்ந்தது. சில சொட்டுகள் சகஜம், இது சகஜமில்லை.

ஆயில் பிரஷர் குறைந்தாலும் கவனியுங்கள். 2 இன்ச் வேக்யூமுக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கேஜில் இறங்கும். 12 இன்ச்சில் 6 பி.எஸ்.ஐ. குறைந்தால் பயம் வேண்டாம். அதைவிட நிறையக் குறைந்தால் சம்பிலிருந்து ஆயில் உறிஞ்சும் பிக்கப் காற்றை இழுக்கிறதா, பேரிங் இடைவெளி கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரெகுலேட்டர் இல்லாமல் அதிக வேக்யூமில் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால், இப்போது ரெகுலேட்டரை மாட்டிவிட்டு அப்படியே டிராக்குக்குப் போகாதீர்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, பேப்பர் மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மஞ்சள் நிற வெண்கலத் துகள் இருந்தால் கனெக்டிங் ராடின் சின்ன முனை புஷ் தேய்கிறது. வெள்ளை அலுமினியத் துகள் என்றால் பெரும்பாலும் பிஸ்டனில் கட்ஜன் பின் நுழையும் துளை. எது தென்பட்டாலும் ஒரு பிஸ்டனையாவது வெளியே எடுத்து, கட்ஜன் பின்னைக் கையால் தள்ளினால் வழுக்கி வருகிறதா என்று சோதித்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.