13 காலபோகம் கண்ட பச்சைக் கோடுகள்

2012 ஆம் ஆண்டு ஆடி மாதம், விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி சுவிஸுக்குத் திரும்பும் நாளில், தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். "அத்தான், இருட்டில் இருப்பவர் நீங்கள்தான். இது உங்களிடம் இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அது என் இடது கையை விட்டுப் பிரிந்ததில்லை.

வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எனக்கு மூன்று ஏக்கர் வயல். காலபோகத்தில், அதாவது மாரி மழைக்கால நெல் போகத்தில், பயிர் கதிர் திரளும் குடலைப் பருவத்துக்கு வந்தவுடன் யானைக்கும் பன்றிக்குமான இரவுக் காவல் தொடங்கிவிடும். அருவி வெட்டு முடிந்து நெல் மூட்டை வீட்டுக்கு வரும்வரை, பெரும்பாலான இரவுகள் வரம்போரத்துப் பாலை மரத்தில் கட்டிய பரணில்தான் கழியும். அப்படி 13 காலபோகங்கள். இருட்டில் ஒளிரும் பொருட்கள் பலவற்றை இந்தக் காலத்தில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதிவைத்தால் காவலிருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் மணிக்கூடு. முகப்பில் ஒவ்வொரு மணிக்கும் ஊசியளவு கண்ணாடிக் குழாய் ஒன்று. முட்கள் இரண்டிலும் ஒவ்வொன்று. பகலில் வெறும் வெள்ளைக் கோடுகள். பொழுது சாய்ந்தால் எல்லாம் பச்சை, பன்னிரண்டில் இருப்பது மட்டும் செம்மஞ்சள். குழாய்க்குள் அடைத்திருப்பது டிரிட்டியம் என்ற வாயு, ஐதரசனின் கதிரியக்க வடிவம். அதிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள் குழாயின் உட்சுவரில் உள்ள பூச்சில் பட்டு அதை ஒளிரவைக்கின்றன. வெயிலில் காட்ட வேண்டியதில்லை, பொத்தான் அமர்த்த வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு எப்படியோ, விடியற்காலை நான்கு மணிக்கும் அப்படியே.

பற்றரி வன்னிக்குள் வரக் கூடாது என்று தடை இருந்த போர்க்காலத்தில் வளர்ந்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, ஒரு தேக்கரண்டி மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் படித்த தலைமுறை எங்களுடையது. எதையும் கேட்காமல் தானே ஒளிரும் ஒரு பொருள் மீது எனக்கு இருக்கும் பற்று அங்கிருந்து வந்தது. அதோடு, யானையை விரட்டும் வெடி வைத்திருக்கும் பரணில் குப்பி விளக்கு ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. தீ இல்லாத ஒளிதான் அங்கே வேண்டும்.

மச்சான் வசிக்கும் பேர்ண் நகரத்துக்கு அருகில் நீடர்வாங்கன் என்ற ஊரில்தான் இப்படிப்பட்ட குழாய்களைச் செய்யும் எம்பி-மைக்ரோடெக் நிறுவனம் இருக்கிறது. கைத்துப்பாக்கிகளின் இரவுக் குறிகளிலும் (இருட்டில் குறிபார்க்க உதவும் ஒளிப் புள்ளிகள்) டிரிட்டியக் குழாய்களைத்தான் பதிக்கிறார்கள் என்று அவர் ஒருமுறை தொலைபேசியில் விளக்கினார். பின்குறியில் இரண்டு புள்ளி, முன்குறியில் ஒன்று. மூன்றும் ஒரே வரிசையில் நின்றால் துப்பாக்கி நேராக இருக்கிறது என்று பொருள். எனக்குத் துவக்கு வேண்டாம். எங்கள் மண் கண்ட துவக்குகள் போதும். ஆனால் அவர் சொன்ன இரண்டு செய்திகள் மனதில் தங்கிவிட்டன. மூன்று புள்ளிகளும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் அவசரத்தில் எது முன், எது பின் என்று கண் தடுமாறும். அதனால் முன்குறியைப் பிரகாசமாகவும், பின்குறிகளை மங்கலாகவோ வேறு நிறத்திலோ செய்வதுண்டு. இரண்டாவது, இரவுக் குறி துப்பாக்கி எங்கே நோக்குகிறது என்பதைத்தான் காட்டும். எதிரே நிற்பது யார் என்பதைக் காட்டாது. அதற்குத் தனியாக ஒரு விளக்கு வேண்டும்.

இந்த இரண்டும் பரணுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

2014 தை மாதம். நள்ளிரவு தாண்டி, வாய்க்கால் பக்கத்தில் ஏதோ ஈரமாக முறியும் ஓசை கேட்டது. யானை பயிரைப் பிடுங்கி, வேரிலுள்ள மண்ணைக் காலில் தட்டி உதிர்க்கும் ஓசை. ஒருமுறை கேட்டவனுக்கு மறக்காது. டோர்ச்சைத் தேடிக் கை நீட்டினேன். இல்லை. பாயைத் தடவினேன், சாக்கைத் தடவினேன். பதற்றத்தில் கைத்தொலைபேசியை எடுத்துத் திரையை ஒளிரவிட்டேன். அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்ததும் சுற்றிலும் இருந்த உலகம் முழுவதும் கறுத்துவிட்டது. அதுவரை எனக்குத் தெரிந்துகொண்டிருந்த வரம்பு, மரங்களின் நிழல், வானத்தின் விளிம்பு எதுவுமே இல்லை. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வரை எடுக்கும். ஒரு நொடி வெளிச்சம் போதும், அத்தனையும் வீண். டோர்ச் பரணின் பலகைக்கும் மரத்துக்கும் இடையில் சிக்கியிருந்தது. நான் அதைக் கண்டெடுத்து வெடியைக் கொளுத்திப் போடும் முன் கால் ஏக்கர் மிதிபட்டுவிட்டது.

அடுத்த போகத்துக்கு, இருட்டில் ஒளிரும் ஒட்டு நாடா வாங்கினேன். வெளிச்சத்தை உறிஞ்சி வைத்து இருட்டில் விடும் வகை. இப்போது கிடைக்கும் நல்ல நாடாக்களில் இருப்பது ஸ்ட்ரொன்சியம் அலுமினேட். 1990களில் ஜப்பானிலிருந்து பரவிய பூச்சு இது. டோர்ச், வெடிப் பெட்டி, தீப்பெட்டி வைத்திருக்கும் தகரம், தண்ணீர்ப் போத்தல், ஏணியின் மேற்படி என்று எல்லாவற்றிலும் ஒட்டினேன். முதல் ஒரு மணி நேரம் பரண் கோவில் திருவிழா போல இருந்தது. அதுதான் இந்த நாடாவின் குறை. கடையில் கையால் மறைத்துப் பார்க்கும்போது டிரிட்டியத்தைவிடப் பலமடங்கு பிரகாசமாகத் தெரியும். வாங்குபவர் மயங்கிவிடுவார். ஆனால் உறிஞ்சிய ஒளி மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். யானை வருவது முதல் மணி நேரத்தில் அல்ல. விடியற்காலை மூன்று மணிக்கு, நாடா இருக்கும் இடம் தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று என் பக்கத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஒளிரவைத்ததால் எதுவுமே அடையாளமாக இல்லை. ஒருநாள் பன்றிக் கூட்டம் வந்தபோது டோர்ச் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மச்சான் சொன்ன முன்குறி, பின்குறிக் கதை நினைவுக்கு வந்தது. கை முதலில் போக வேண்டிய பொருள் ஒன்றுதான் பளிச்சென்று தெரிய வேண்டும். மற்றவை அடங்கி நிற்க வேண்டும்.

2017 இல் மச்சான் மறுபடியும் வந்தபோது, சிறிய உலோக உறைக்குள் பதித்த டிரிட்டியக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். மணிக்கூட்டில் இருப்பதைவிடப் பெரியது, நெல் மணியைவிடக் கொஞ்சம் நீளம். அதை டோர்ச்சின் வாரில் கட்டினேன். போத்தலிலும் தகரத்திலும் இருந்த நாடாவை உரித்தெறிந்தேன். ஏணியின் மேற்படியிலும் வெடிப் பெட்டியின் மூடியிலும் மட்டும் விரல் அகலத்துக்கு விட்டுவைத்தேன். இன்றுவரை அதே ஏற்பாடுதான். தூக்கத்திலிருந்து எழுந்தாலும் கண் முதலில் அந்தப் பச்சையில் போய் நிற்கிறது. கையும் பின்னாலேயே போகிறது. இந்த எட்டு ஆண்டுகளில் ஓர் இரவுகூட நான் டோர்ச்சைத் தேடித் தடவியதில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சையை மட்டும் வாங்குங்கள். நம் கண்ணுக்கு மங்கலான ஒளியில் நீலப்பச்சைப் பக்கம்தான் கூர்மை அதிகம். மணிக்கூட்டின் பன்னிரண்டில் உள்ள செம்மஞ்சள் குழாய் புதிதிலேயே மற்றவற்றைவிட மங்கல். இன்று கண் நன்றாகப் பழகிய பிறகுதான் தெரிகிறது. நீலமும் சிவப்பும் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும், வயலுக்கு உதவாது.

ஆண்டுகள் ஏறினால் என்ன ஆகிறது? டிரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம் 12.3 ஆண்டு. அவ்வளவு காலத்தில் வாயுவில் பாதி அழிந்துவிடும். பூச்சும் மெல்லத் தேயும். ஆகவே என் மணிக்கூடு இப்போது புதிதில் இருந்ததில் பாதியைவிடக் குறைவாகத்தான் ஒளிர்கிறது. ஆனால் இதை நான் நாளுக்கு நாள் உணரவே இல்லை. ஒளி பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை, கொஞ்சம் அடங்கியது போலத்தான் தெரிகிறது. சென்ற தை மாதம் ஒரு பனி இரவில் மணிக்கூட்டையும் டோர்ச்சின் குழாயையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். டோர்ச்சில் இருந்தது இளந்தளிர்ப் பச்சை. மணிக்கூட்டில் இருந்தது முற்றிய இலையின் பச்சை. அப்போதும் நேரம் இரண்டு நாற்பது என்று தடுமாறாமல் படிக்க முடிந்தது. பொழுது படும் நேரத்தில், கண் பழகுவதற்கு முன் படிப்பதுதான் இப்போது சிரமம்.

இந்தக் காரணத்தால் டிரிட்டியப் பொருள் வாங்குபவர்கள் குழாய் செய்யப்பட்ட ஆண்டைக் கேட்டே வாங்க வேண்டும். கடையின் அலுமாரியில் நான்கு ஆண்டு கிடந்த குழாய் அங்கேயே நான்கு ஆண்டு கிழடாகியிருக்கும். உறை திறக்கப்படாததால் அது புதிது ஆகிவிடாது.

"கதிரியக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னை மணிக்கூட்டைக் கழற்றச் சொல்லி இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அந்தப் பயம் நியாயமானது. பழைய காலத்து ரேடிய மணிக்கூடுகளில் பூசியிருந்தது உண்மையிலேயே பொல்லாத பொருள். அதைத் தூரிகையால் பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் 1920களில் நோயுற்று இறந்தார்கள். ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. ஒளி போன பிறகும் நஞ்சு அப்படியே இருக்கும். டிரிட்டியத்தின் கதிர் அப்படியல்ல, மிகவும் வலுக்குறைந்தது. கண்ணாடிக் குழாயைக்கூடத் தாண்டாது, தோலையும் ஊடுருவாது. என் மணிக்கூட்டின் முகப்பில் பொடி எழுத்தில் டி25 என்று இருக்கிறது. உள்ளிருக்கும் டிரிட்டியத்தின் கதிரியக்க அளவு 25 மில்லிகியூரிக்கு மேற்படாது என்பது அதன் பொருள். குழாய் உடைந்து வாயு உடலுக்குள் போனால்தான் கவலை. உடைந்தால் கையால் தொடாமல் வெளிக்காற்றில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும். குழந்தைகளின் கையில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. குழாயை நோண்டிக் கழற்றி வேறொன்றில் ஒட்ட முயல்வதும் கூடாது.

மணிக்கூட்டின் குறைகள் ஒளியில் இல்லை. பட்டி மூன்று முறை அறுந்தது, வியர்வையும் சேறும் சேர்ந்தால் எந்த இறப்பரும் நிற்காது. இப்போது நைலோன் பட்டி போட்டிருக்கிறேன். 2018 இல் பற்றரி மாற்றக் கொடுத்த இடத்தில் பின்மூடியின் இறப்பர் வளையத்தைச் சரியாக வைக்காமல் மூடிவிட்டார்கள். அந்த மாரியில் கண்ணாடிக்குள் நீராவி படிந்து ஒரு வாரம் எதுவும் தெரியவில்லை. அரிசிக்குள் புதைத்து வைத்துக் காப்பாற்றினேன். பற்றரி மாற்றும்போது வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், அருகில் நின்று பாருங்கள்.

இனி விளக்கு. பச்சைப் புள்ளி டோர்ச்சைக் காட்டும், புடையன் பாம்பைக் காட்டாது. வரம்பில் இறங்கி நடக்க வெளிச்சம் வேண்டும். நெற்றி விளக்கை இரண்டு போகம் பயன்படுத்திவிட்டு விட்டுவிட்டேன். மாரியில் ஈசல் முழுவதும் முகத்தில் மொய்க்கிறது. தை மாதப் பனியில் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் வெளிச்சம் பனியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது, எதிரே ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் அதே பனியில் பத்துப் பதினைந்து அடி கூடுதலாகத் தெரியும். பரணுக்குள் தேநீர் ஊற்றவோ வெற்றிலை மடிக்கவோ சிவப்பு வெளிச்சம் உள்ள டோர்ச் நல்லது. மங்கலான சிவப்பு, பழகிய கண்ணை அவ்வளவாகக் கலைக்காது.

மச்சான் இந்த முறை புதிய மணிக்கூடு அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இதில் இன்னும் இரண்டு மூன்று காலபோகத்துக்கான ஒளி இருக்கிறது. அதற்குப் பதிலாக டோர்ச்சுக்கு ஒரு புதிய பச்சைக் குழாய் கேட்டிருக்கிறேன், இந்த ஆண்டு செய்யப்பட்டதாகப் பார்த்து. பழையதை அதன் உலோக உறையோடு கழற்றி ஏணியின் மேற்படிக்கு மாற்ற வேண்டும். அங்கே மங்கலாக இருப்பதுதான் சரி.