புயல் நேரத்தில நம்பிப் பிடிக்கக்கூடிய வாடகை வான்

கார்த்திகை மாசத்தில வெளியூருக்கு உதைபந்தாட்டம் பார்க்கப் போறவைக்கு, கொக்குவில்ல நாங்கள் பிடிச்ச இந்த வாடகை வானை மனமாரச் சொல்லுவன்.

எங்கட கொலிஜ் அணிக்கு மன்னாரில போட்டி. வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிச்ச உடன, ஆட்டம் வவுனியாவுக்கு மாறலாம் எண்டு கதை வந்திட்டுது. வேற ஒரு இடத்தில கேட்டால், இடம் மாறினால் முற்பணம் திரும்பாதாம். இந்த வான்கார அண்ணா, "மைதானம் எதெண்டு தெரியட்டும் தம்பி, பிறகு வாடகையைக் கதைப்பம்" எண்டார். ஆட்டம் நிண்டால் 5,000 ரூபாய் முற்பணம் திரும்பும் எண்டு துண்டில எழுதியும் தந்தார்.

பாதை தெரிஞ்ச மனுசன். மன்னாருக்கு ஏ-32 வீதியால சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி தாண்டிப் போறதுதான் கிட்ட. ஆனா காத்து அடிச்சால் அந்தத் தரவை வெளியில ஒதுங்க இடமில்லை. வவுனியா எண்டால் நேர ஏ-9. முதல்நாள் பின்னேரம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு அவரே அடிச்சு நிலவரம் கேட்டார்.

இரவுதான் வவுனியா எண்டு முடிவாச்சு. விடியக் காலமை சொன்ன நேரத்துக்கு வான் வாசலில. வைப்பர் புதுசு, டயர் தேயாதது. பெடியளின்ர மேளத்துக்கும் கொடித் தடிக்கும் பின் சீற்றை மடிச்சு இடம் விட்டிருந்தார். ஏசிதான் சரியில்லை, கண்ணாடி புகார் பிடிக்கப் பிடிக்கத் துணியால துடைச்சுக்கொண்டு ஓடினார். அதைக் கட்டாயம் திருத்தவேணும்.

மழையால ஆட்டம் பிந்தித் தொடங்கியும், காத்துக்கொண்டு நிண்டதுக்கு மேலதிகமா ஒரு சதமும் கேக்கேல்லை.