நாலரை வருஷமாக ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டி

கோவளம் தாண்டி மாமனார் வாங்கிப் போட்ட இடம், அதில் புல்தரை மட்டும் ஒன்றே கால் ஏக்கர். தள்ளிக்கொண்டு போகும் மெஷினில் ஒரு மூலையை முடிப்பதற்குள் ஆரம்பித்த மூலை வளர்ந்து நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் 2021-இல் உட்கார்ந்து ஓட்டும் வண்டி தேடினோம். புதுசு மூன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். ஒரு ரிசார்ட்டில் ஓடிய பழசு, 42 இன்ச் டெக் (வண்டிக்கு அடியில் கத்தி சுற்றும் தகட்டுக் கூடு), கியர் மாற்றும் வேலையில்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, ஒன்றே முக்காலுக்கு முடிந்தது.

ஏமாந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நான், கீழே குனிந்து டெக்கைப் பார்க்கவில்லை. மேலே புதுக் கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது, நம்பிவிட்டேன். ஆறாவது மாசம் கத்தி சுற்றும் ஸ்பிண்டில் பக்கம் தகடு அப்பளம் மாதிரி உடைந்தது. ஈரப்புல் அடியில் அப்பி அப்படியே நிற்க, கூடவே கடல் உப்புக்காற்று, உள்ளே எப்போதோ துரு தின்றுவிட்டிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் தகடு வைத்து ஒட்டி வாங்கினேன், அது இன்றுவரை நிற்கிறது. இப்போது யாருக்காவது பழசு பார்க்கக் கூடப் போனால், சாவியை எடுத்துவிட்டு, பிளக் ஒயரையும் கழற்றிவிட்டு, டெக்கின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பேன். “என்ன சார் வண்டியக் குத்துறீங்க” என்று விற்பவர் பதறினால் பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

அப்புறம், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், “இப்பதான் சார் உங்களுக்காக ஓட்டிப் பார்த்தேன்” என்பார்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லி நன்றாக ஆற விடுங்கள். ஆறிய எஞ்சினை எழுப்பும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் இதற்கு நேர் எதிர், அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகுதான் மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், தேய்ந்ததென்றால் அங்கே மூச்சு வாங்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரில் 380 என்று இருக்கும், பெடல் ரப்பரோ வழுக்கையாக இருக்கும். நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

ஸ்பேர் விஷயத்தில் பயந்த அளவுக்கு இல்லை. என் வண்டி ஸ்பிண்டிலில் இருப்பது 6203 பேரிங், பாரிமுனையில் நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், எந்த மெஷினுக்கு என்றுகூடக் கேட்பதில்லை. பெல்ட்தான் படுத்தியது. அளவு சரியாக இருக்கிறதே என்று மாவு மில்லுக்குப் போடும் சாதா பெல்ட்டை மாட்டினேன், மூன்றாவது வாரம் கருகிய வாசனையோடு போய்ச் சேர்ந்தது. இதற்கென்று கெவ்லார் என்ற உறுதியான நூல் வைத்த பெல்ட் இருக்கிறது, விலை நாலு மடங்கு, ஆனால் இரண்டு வருஷமாக அதே பெல்ட்தான். வேலிக்காத்தான் முள் குத்திப் பஞ்சர் ஆவதைச் சொல்லி மாளாது, டயருக்குள் சீலண்ட் ஊற்றிய பிறகுதான் நிம்மதி.

பெட்ரோல் தொல்லை புதுசுக்கும் உண்டு. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, இந்தச் சின்ன எஞ்சின்களின் மேனுவலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் என்று போட்டிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் வெட்டி முடித்ததும் டேங்க்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, கார்ப்பரேட்டர் காலியாகித் தானாக அணையும்வரை ஓடவிடுகிறோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தோட்டம் பார்க்கும் பெரியவர் போன் பண்ணி, “தம்பி, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா” என்றார். சாவியையே தொடாதீங்கண்ணா என்று கத்திவிட்டேன். வடித்த ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. இரண்டு முறை ஆயில் மாற்றி, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, புது பேட்டரி போட்டோம், எழுந்துவிட்டது.

மறுபடி வாங்கினாலும் பழசுதான் எடுப்பேன், காரணம் எனக்குக் கையில் கிரீஸ் பட்டால் பரவாயில்லை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் புதுசே எடுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் டெக் பெல்ட்டும் கத்தியும் இன்றைக்கு சென்னையில் கையிருப்பு இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அரை ஏக்கருக்குக் கீழே என்றால் இரண்டுமே வேண்டாம், தள்ளும் மெஷின் போதும்.