402 மீற்றர் ஓட 3கே போதுமா, 5கே வேண்டுமா, 4ஏ-ஜிஇதான் வேண்டுமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் ஒரு டொயோட்டா கே.இ.20 கொரோலா எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. 3கே, 5கே, 4ஏ-ஜிஇ என்ற மூன்று டொயோட்டா எஞ்சின்களில் எதை அதில் போடுவது என்பதுதான் கேள்வி. 1970களின் தொடக்கத்து உடல், பாரம் ஏறத்தாழ முக்கால் தொன். கால் மைல் டிராக் ஓட்டத்துக்கு அந்த இலேசுதான் மூலதனம். பார்க்க வருபவர்கள் எல்லோரும் “4ஏ போடு” என்று சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். செலவு அவர்களுடையதல்லவே.

அந்த 4ஏ-ஜிஇயையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1983இல் வந்த 1587 சிசி எஞ்சின். யமஹாவோடு சேர்ந்து டொயோட்டா உருவாக்கியது. பின்னர் வந்த 20 வால்வு வகை கம்பனியிலிருந்தே 160 குதிரைவலுவோடு வந்தது. வேகத்தில் அதை வெல்ல மற்ற இரண்டுக்கும் வழியில்லை. ஆனால் 20 வால்வு எஞ்சின் முன்சக்கர இழுவைக் கார்களுக்குரியது. பின்சக்கர இழுவையுள்ள இந்தக் கொரோலாவில் நீளவாக்கில் பொருத்தினால், பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்டிரிபியூட்டர் எஞ்சின் அறையின் பின்சுவரில் இடிக்கும். தண்ணீர்க் குழாய்களையும் திசைதிருப்ப வேண்டும். ஏ.இ.86 என்ற பிந்திய பின்சக்கர இழுவைக் கொரோலாவின் டி50 கியர்பொக்ஸைத் தேடி, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும். 2020இலிருந்து சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த பிறகு அப்படிப்பட்ட பொருளுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் வெயிலே உறைக்காது. இத்தனையும் முடித்துவிட்டு, 3கேயின் 68 குதிரைவலுவைச் சுமந்து பழகிய பின் அக்சிலை அப்படியே விட்டால், பிடிமானமுள்ள தரையில் முதல் புறப்பாட்டிலேயே அது முறியலாம். எஞ்சின் விலையை மட்டும் விசாரிப்பவர் பாதிக் கணக்குத்தான் போடுகிறார்.

காரோடு பிறந்த 3கே 1166 சிசி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம், 66 மி.மீ. மட்டுமே என்பதால் தயங்காமல் சுழலும், கேட்க இனிமையானது. பழைமை கெடக்கூடாது என்பவர்களுக்கு அதுவே போதும். புறப்படும் அந்த முதல் இருபது மீற்றரில்தான் அது பரிதாபமாக மூச்சு வாங்கும்.

என் மனம் நிற்பது லைட்ஏஸ் வான்களில் வந்த 5கேயில். 80.5 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 73 மி.மீ. ஸ்ட்ரோக், 1486 சிசி. ஒரே குடும்பம் என்பதால் இருக்கும் கியர்பொக்ஸிலேயே பூட்டலாம். 3கே நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 16.5 மீற்றர். 5கே அதே பிஸ்டன் வேகத்தை 6800 சுற்றிலேயே எட்டிவிடும். கொள்ளளவோ 27 வீதம் கூட. சுற்றில் விட்டதை இழுவையில் மீட்டுவிடலாம். வால்வை இயக்கும் வரிசையில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வானின் ஹைட்ராலிக் டாப்பெட் மட்டும் உயர் சுற்றுக்கு ஒத்துவராது. அதைக் கழற்றி, சாதாரண டாப்பெட்டும் அதற்கேற்ற கேமும் புஷ்ராடும் போட வேண்டும்.

அடுத்தது அமுக்க விகிதம், அதாவது சிலிண்டரில் உள்ள கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது. 5கேயின் ஒரு சிலிண்டர் 371.5 சிசி. ஹெட் (சிலிண்டர் மூடி) அறை, கேஸ்கெட் கனம், பிஸ்டன் குழி எல்லாம் சேர்ந்து 39 சிசி வந்தால் விகிதம் 10.5, இங்கே கிடைக்கும் ஒக்டேன் 95 பெற்றோலுக்கு அதற்குமேல் ஆசைப்பட எனக்குத் துணிவில்லை. கையில் இருந்த ஒரு பழைய ஹெட்டை இரண்டு செங்கல்மேல் கவிழ்த்து வைத்து, பிளக்கைப் பூட்டி, கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை ஒட்டி, சிரிஞ்சியால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தேன். மூன்று அறைகள் ஒத்துப்போயின. நான்காவது மட்டும் ஒன்றரை சிசி அதிகமாகக் குடித்தது. யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் குடைந்துவிட்டு ஹெட்டின் முகத்தைச் சீவலாமா என்று லேத் பட்டறை பாஸிடம் கேட்டேன். “தம்பி, சீவினதைத் திரும்ப ஒட்ட ஏலாது. பிஸ்டன் கையில் வந்த பிறகு வாருங்கள்” என்றார்.

கே வகை ஹெட்டில் உள்ளிழுப்பும் புகைவழியும் ஒரே பக்கம். அதனால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் வெபர் காபுரேட்டர் சூடான குழாய்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். கொழும்பு வெயிலில், வரிசையில் பத்து நிமிடம் நின்றாலே பெற்றோல் கொதித்துவிடும். நடுவில் ஓர் அலுமினியத் தகடு வைப்பது கட்டாயம். 4ஏயில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டர்போ பற்றியும் கேட்கிறார்கள். முக்கால் தொன் பழைய தகரத்தை வீட்டில் வைத்துக் கட்டுபவனுக்கு அது இந்தப் பிறவியில் வேண்டாம்.

வான் எஞ்சின் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். சம்ப்பை (அடி எண்ணெய்த் தொட்டியை) கழற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கைப் பார்க்க விட்டால்தான் முற்பணம் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.