'புஷ்' என்று தேடினால் என்ன வருகிறது? ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி

மருத்துவக் கருவிகளோடு வரும் கையேடுகளைத் தமிழாக்குவது என் வேலை. புது அகராதி எதைப் பார்த்தாலும் முதலில் 'புஷ்' என்று தேடுவேன். கடினமான சொல்லுக்கு யாரும் மெனக்கெட்டுப் பொருள் எழுதிவிடுவார்கள். தினமும் புழங்கும் சொல்லில்தான் உழைப்பு தெரியும். ஆறு மாதமாகச் சந்தா கட்டி ஒரு செயலியைப் பயன்படுத்துகிறேன். இது அதைப் பற்றித்தான்.

முதல் பொருள் 'தள்ளு'. அப்புறம் உந்து, நெருக்கு, வற்புறுத்து. 'அழுத்து' என்பதைப் பார்க்கத் திரையைக் கீழே நகர்த்த வேண்டும். எனக்கு இது சின்னக் குறையாகத் தோன்றவில்லை. கதவைத் தள்ளுகிறோம், பொத்தானை அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் புஷ் போதும். இன்சுலின் பேனா கையேடு ஒன்றில், "பொத்தானை முழுவதும் அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்கவும்" என்று வர வேண்டிய இடத்தில், மேலே இருந்த பொருளைப் பார்த்துத் 'தள்ளி' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நோயாளி ஒருவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் தள்ளணும்?" என்று கேட்டார். பொத்தான் பேனாவின் உச்சியில் இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் மருந்து உள்ளே இறங்காது. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன்பே திருத்திவிட்டோம்.

இன்னொரு பொருள் இதில் இல்லவே இல்லை. பிரசவ அறையில் 'புஷ்' என்றால் தமிழில் ஒரே சொல்தான்: முக்கு. என் மகளின் பிரசவத்தின்போது கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டதும் அதுதான். "முக்கும்மா, இன்னும் கொஞ்சம் முக்கு." அந்த நேரத்தில் யாரும் 'தள்ளு' என்று சொல்ல மாட்டார்கள். பேச்சு வழக்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் தாய்மாருக்கான கையேட்டில் வேறெந்தச் சொல்லை எழுதுவது?

சொற்றொடர்கள் பகுதியில் பாதி நன்றாக இருக்கிறது. 'புஷ் பேக்' என்பதற்கு எதிர்ப்புத் தெரிவி, தள்ளிப்போடு என்று இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். 'புஷ் அப்' என்றால் தண்டால் என்று போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. முட்டிமோதி நெருக்கும் கூட்டத்துக்குத் 'தள்ளுமுள்ளு' என்று எழுதியவர் தமிழ் காதில் விழ வளர்ந்தவர்தான். கேட்காமலே கைபேசிக்கு வந்து சேர்கிற செய்திக்கு 'புஷ் அறிவிப்பு' என்று ஆங்கிலச் சொல்லையே வைத்ததும் சரிதான். படிப்பவருக்குப் புரிகிறது.

'புஷ்ஷிங் ஃபார்ட்டி' என்பதில்தான் சறுக்கிவிட்டார்கள். எடுத்துக்காட்டு வாக்கியம், "அவள் நாற்பதைத் தள்ளுகிறாள்." நமக்குத் தள்ளுவது என்றால் காலம் தள்ளுவது, எப்படியோ கஷ்டப்பட்டு ஓட்டுவது. இங்கே சொல்ல வந்தது நாற்பதை நெருங்கிவிட்டாள் என்பது. அதேபோல், தேதி ஒத்திவைக்கப்பட்டதைச் சொல்ல "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்ற வாக்கியம். அதைப் படிக்கிற பெண்கள் முதலில் நினைப்பது கர்ப்பத்தைத்தான்.

சொல்வரலாறு இரண்டே வரி. ஆனால் நல்ல இரண்டு வரி. புஷ், பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல் என்றும், நாடித் துடிப்பைக் குறிக்கும் 'பல்ஸ்' என்பதற்கும் அதே வேர்தான் என்றும் சொல்கிறது. அன்று மாலை மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தபோது, ரத்தம் உள்ளிருந்து விரலைத் தள்ளுவது எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

செயலி வேகமாகத் திறக்கிறது, இணையம் இல்லாமலும் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கித் தரலாம். மொழிபெயர்ப்பவர்கள் முதல் பொருளோடு நிற்காமல் கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள். 'முக்கு' விடுபட்டதையும் அந்த இரண்டு வாக்கியங்களையும் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு மூன்று நட்சத்திரம்; திருத்தி வெளியிட்டால் நான்கு.